எந்த மைக்கேல் ஜோர்டன்? ஒரே பெயரில் பல பிரபலங்கள் இருப்பது எப்படி, குழப்பம் தொடங்குவது எங்கே

மைக்கேல் ஜோர்டன் என்று தேடினால் முதலில் வந்து நிற்பவர் சிகாகோ புல்ஸ் அணியில் ஆடி ஆறு முறை என்பிஏ பட்டம் வென்ற கூடைப்பந்து வீரர், 1963இல் பிறந்தவர். கொஞ்சம் கீழே போனால் 1987இல் பிறந்த ஹாலிவுட் நடிகர். கணினி அறிவியல் படித்தவர்களிடம் அதே பெயரைச் சொன்னால் அவர்களுக்கு நினைவு வருபவர் வேறு: 1956இல் பிறந்த பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர். இயந்திரக் கற்றல் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் அவர் ஒருவர். இவர்கள் போக, இங்கிலாந்தில் காளான்களைப் பற்றி எழுதிய மைக்கேல் ஜோர்டன் ஒருவரும் இருக்கிறார்.

செயற்கை நுண்ணறிவு பற்றி மைக்கேல் ஜோர்டன் பேசினார் என்று ஒரு செய்தித் தலைப்பு வந்தால், கூடைப்பந்து வீரருக்கு இதில் என்ன வேலை என்று பாதிப் பேர் யோசிப்பார்கள். தலைப்பில் தவறு எதுவும் இல்லை. பேசியவரின் பெயர் அதுதான். ஆனாலும் வாசகர் தவறான ஆளிடம் போய்ச் சேர்கிறார். இது எப்படி நடக்கிறது, இதைத் தடுக்க உலகம் என்னென்ன செய்து பார்த்திருக்கிறது, தடுக்காமல் விட்ட இடத்தில் யாருக்கு என்ன ஆனது என்பதைப் பார்ப்போம்.

பெயர் என்ன வேலை செய்கிறது

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. பெயர்: ஓர் ஆளைக் கூப்பிடவும் சுட்டிக்காட்டவும் பயன்படுவது. ஒரே பெயர் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதைத் தடுக்கும் விதி பொதுவாக எங்கும் கிடையாது.

2. அடையாளங்காட்டி: ஒருவருக்கு ஒன்று, ஒன்றுக்கு ஒருவர் என்று வேண்டுமென்றே வடிவமைத்த குறி. கடவுச்சீட்டு எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இந்த வகை.

பெயரை அடையாளங்காட்டி போல நடத்தும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பேச்சு வழக்கில் இது தெரியவே தெரியாது. ஏனென்றால் பெயரோடு கூடவே இடம், காலம், பேசும் விஷயம் எல்லாம் வந்துவிடுகின்றன. விளையாட்டுப் பக்கத்தில் ஜோர்டன் என்றால் ஒருவர், புள்ளியியல் கருத்தரங்கில் ஜோர்டன் என்றால் இன்னொருவர். ஆளைக் காட்டும் வேலையில் பாதியைப் பெயர் செய்கிறது, மீதியைச் சூழல் செய்கிறது.

இது பழைய தலைவலி. கி.மு. முதல் நூற்றாண்டில் மக்னீசியாவைச் சேர்ந்த டிமெட்ரியஸ் என்ற கிரேக்கர், ஒரே பெயர் கொண்டவர்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். மூல நூல் இன்று கிடைக்கவில்லை. ஆனால் கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் தத்துவஞானிகளின் வாழ்க்கையை எழுதிய டயோஜெனஸ் லேர்ஷியஸ் அதிலிருந்து நிறைய எடுத்துக் கையாண்டிருக்கிறார். தேலீஸின் வாழ்க்கையைச் சொல்லி முடித்ததும், தேலீஸ் என்ற பெயரில் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள் என்று கணக்குக் கொடுக்கிறார். அவர்களில் ஒருவர் பேச்சுக்கலை ஆசிரியர், ஒருவர் ஓவியர். இன்றைய விக்கிப்பீடியாவில் ஒரே பெயர் கொண்டவர்களைப் பட்டியலிட 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்று ஒரு பக்கம் வருகிறதே, அதற்கு இதுதான் முப்பாட்டன்.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களுக்கும் இதே பிரச்சினை இருந்தது. சாத்தனார் என்ற பெயரில் பலர். அதனால் பெயருக்கு முன்னால் சூழலைக் கட்டிவிட்டார்கள். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்பதில் நகரம், தொழில், ஊர், பெயர் நான்கும் வரிசையாக இருக்கின்றன. உறையூர்க் கதுவாய்ச் சாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார் என்றால் வேறு ஆள்கள் என்பது உடனே தெரிந்துவிடும். பாலை பாடிய பெருங்கடுங்கோ என்பது இன்னும் நேர்த்தி: ஆளை அவர் பாடிய திணையைக் கொண்டே பிரித்துவிட்டார்கள்.

ஒரு சின்னக் கணக்கு

ஒரே பெயரில் இரண்டு பிரபலங்கள் இருப்பதைப் பார்த்ததும் என்ன தற்செயல் என்று வியக்கத் தோன்றும். கணக்குப் போட்டால் வியப்பு குறைந்துவிடும்.

ஒரு நாட்டில் 6 கோடிப் பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முதற்பெயர் 100 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. ஒரு குடும்பப் பெயர் 200 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. இரண்டும் சேர்ந்து அமைவது 20,000 பேரில் ஒருவருக்கு. அப்படியானால் நாடு முழுக்க அதே முழுப்பெயருடன் 3,000 பேர் இருப்பார்கள். கலைக்களஞ்சியத்தில் இடம்பெறும் அளவுக்குப் பெயர் எடுப்பவர்கள் 1,000 பேரில் ஒருவர் என்று கொண்டால், அந்த ஒரே பெயரில் மூன்று பிரபலங்கள். இவை விளக்கத்துக்காக எடுத்த எண்கள்தான். உண்மையில் பெயர்கள் தலைமுறை தலைமுறையாக மோஸ்தராக வந்து போவதால் மோதல் இன்னும் அதிகமாகவே இருக்கும்.

கூடவே பிறந்தநாள் கணக்கையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே, அவர்களில் யாரோ இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடுகிறது. 23 பேருக்குள் 253 ஜோடிகள் உண்டு என்பதுதான் காரணம். குறிப்பிட்ட ஒருவருக்கு இணைப்பெயர் கிடைப்பது அரிதாக இருக்கலாம். யாரோ இருவருக்குப் பொருந்துவது மிகச் சாதாரணம்.

பெயர்களின் எண்ணிக்கை குறைவாக உள்ள சமூகங்களில் இது உச்சத்துக்குப் போகும். தென்கொரியாவின் 2015 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கிம், லீ, பார்க் ஆகிய மூன்று குடும்பப் பெயர்களுக்குள்ளேயே ஏறக்குறைய 45 சதவீத மக்கள் அடங்கிவிடுகிறார்கள். 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற கொரிய மகளிர் கர்லிங் அணியில் ஐந்து பேர், ஐவரும் கிம். பயிற்சியாளரும் கிம். வெளிநாட்டவருக்குப் பிரித்துச் சொல்வதற்காக ஸ்டேக், பான்கேக், ஆனி என்று செல்லப்பெயர் வைத்துக்கொண்டார்கள். சீனாவில் வாங், லீ, ஜாங் ஒவ்வொன்றும் 9 கோடிப் பேருக்கு மேல் வைத்திருக்கும் பெயர். இதனால் அறிவியல் உலகில் என்ன ஆகிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

தற்செயல் மட்டும் காரணமில்லை

இரண்டு பிரபலங்களுக்கு ஒரே பெயர் வந்து சேரும் வழிகள் சில உண்டு.

1. வெறும் தற்செயல். 1561இல் பிறந்த தத்துவஞானி பிரான்சிஸ் பேக்கன், 1909இல் டப்ளினில் பிறந்த ஓவியர் பிரான்சிஸ் பேக்கன். இடையில் மூன்றரை நூற்றாண்டு.

2. மரியாதைக்காக வைத்த பெயர். பிரேசில் கால்பந்து அணிக்கு 1982 உலகக் கோப்பையில் தலைமை தாங்கிய சாக்ரடீஸுக்குப் பெயர் வைத்தது கிரேக்கத் தத்துவத்தில் ஈடுபாடு கொண்ட தந்தை. அந்தச் சாக்ரடீஸ் மருத்துவப் பட்டம் பெற்றவரும்கூட. மு.க. ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1. சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தது மார்ச் 5. மார்ட்டின் லூதர் கிங் 1929இல் பிறந்தபோது மைக்கேல் கிங். அவருடைய தந்தை 1934இல் ஜெர்மனிக்குப் போய்வந்த பிறகு, 16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தவாதியின் பெயரைத் தனக்கும் மகனுக்கும் வைத்துக்கொண்டார்.

3. திருமணத்தால் வந்த பெயர். எலிசபெத் கோல்ஸ் 1936இல் திருமணமாகி எலிசபெத் டெய்லர் ஆனார். அவருடைய முதல் நாவல் வந்தது 1945இல். அதற்குச் சற்று முன்புதான், 12 வயதுச் சிறுமி எலிசபெத் டெய்லர் நடித்த ஒரு குதிரைப் பந்தயப் படம் வெளியாகி அவளை உலகம் முழுக்கக் கொண்டு சென்றிருந்தது. இதைவிடக் கெட்ட நேரம் அமைய முடியாது. 1971 புக்கர் பரிசின் இறுதிப் பட்டியல் வரை போன நாவலாசிரியர் அவர். ஆனாலும் பெயரைச் சொன்னால் இன்றும் முதலில் வருவது நடிகைதான்.

4. இரவல் வாங்கிய பெயர். ஜேம்ஸ் பாண்ட் என்பவர் மேற்கிந்தியத் தீவுகளின் பறவைகளைப் பற்றி 1936இல் கையேடு எழுதிய அமெரிக்கப் பறவையியலாளர். ஜமைக்காவில் வீடு வைத்திருந்த நாவலாசிரியர் இயான் ஃபிளெமிங், தன் உளவாளிக் கதாநாயகனுக்கு அலங்காரம் இல்லாத சாதாரணப் பெயர் ஒன்றைத் தேடியபோது, தன்னிடமிருந்த அந்தக் கையேட்டின் அட்டையிலிருந்து எடுத்துக்கொண்டார். முதல் நாவல் வந்த 1953க்குப் பிறகு பறவையியலாளர் தன் பெயரைச் சொன்ன இடத்தில் எல்லாம் சிரிப்பு எழுந்திருக்கும்.

5. எழுத்துமாற்றத்தால் ஒன்றாகும் பெயர். சீனத்தில் வேறு வேறு எழுத்து, வேறு வேறு குடும்பம். ரோமன் எழுத்தில் எழுதினால் இரண்டும் வாங். தமிழிலும் இது நடக்கிறது. ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதப்படும் ஷான் தமிழில் ஒரே ஷான். மூலத்தில் இருந்த வேறுபாடு மொழிபெயர்ப்பில் காணாமல் போய்விடுகிறது.

ஒரே துறை என்றால் ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும்

ஒரே பெயர் கொண்ட பிரபலங்கள் பெரும்பாலும் வேறு வேறு துறையில் இருப்பது ஏன்? இந்தக் கேள்விதான் விஷயத்தின் மையம். பதில் எளிது: ஒரே துறையில் இருந்திருந்தால் இருவரில் ஒருவர் பெயரை மாற்றியிருப்பார், நமக்கு அவர் அந்தப் பெயரில் தெரிந்திருக்கவே மாட்டார். நம் கண்ணில் படுவது மாற்ற அவசியம் இல்லாமல் போனவர்களின் பட்டியல்.

மாற்றியவர்களின் பட்டியல் நீளமானது. பாடகர் டேவிட் போவியின் இயற்பெயர் டேவிட் ஜோன்ஸ். அந்தக் காலத்தில் டேவி ஜோன்ஸ் என்ற இன்னொரு பாடகர் இருந்தார். நடிகர் மைக்கேல் கீட்டனின் இயற்பெயர் மைக்கேல் டக்ளஸ், அந்தப் பெயரில் இன்னொரு நடிகர் ஏற்கெனவே இருந்தார். பாடகி கேட்டி பெர்ரியின் குடும்பப் பெயர் ஹட்சன். கேட் ஹட்சன் என்ற நடிகை ஏற்கெனவே புகழோடு இருந்ததால் தாயாரின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார். அமெரிக்கத் திரை நடிகர் சங்கத்தில் ஒரே தொழிற்பெயரில் இருவர் பதிவு செய்யக் கூடாது என்ற விதியே உண்டு. நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸின் நடுப்பெயர் ஆண்ட்ரூ. மைக்கேல் ஃபாக்ஸ் என்ற பெயரை முன்பே ஒருவர் எடுத்துவிட்டார். மைக்கேல் ஏ. ஃபாக்ஸ் என்று போட்டால் ஆங்கிலத்தில் 'மைக்கேல், ஒரு நரி' என்று படிக்க இடம் கொடுக்கும். ஆகவே எங்கிருந்தோ ஒரு ஜே வந்து ஒட்டிக்கொண்டது.

இதில் சுவையான கதை சர்ச்சிலுடையது. 1899இல் வின்ஸ்டன் சர்ச்சில் என்ற பெயர் புத்தகக் கடைகளில் பிரபலமாக இருந்தது. ஆனால் அந்தச் சர்ச்சில் பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமரானவர் அல்ல, 1871இல் பிறந்த அமெரிக்க நாவலாசிரியர். அவருடைய வரலாற்று நாவல் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் பின்னாளில் பிரதமரான 24 வயது வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு, தான் எழுதாத நாவலுக்காகப் பாராட்டு வரத் தொடங்கியது. முதலில் தன் கதையைத்தான் பாராட்டுகிறார்கள் என்று மகிழ்ந்தவர், பிறகு விஷயம் புரிந்து அந்த ஜூன் மாதம் அமெரிக்கருக்குக் கடிதம் எழுதினார். வின்ஸ்டன் சர்ச்சில் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு வணக்கம் சொல்லித் தொடங்கும் கடிதம் அது. இனித் தன் எழுத்துகளில் வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில் என்று கையெழுத்திடுவதாக ஒப்புக்கொண்டார். அமெரிக்கரும் மரியாதையாகப் பதில் போட்டார்: தனக்கு வேறு நடுப்பெயர் எதுவும் இல்லை, இருந்திருந்தால் தானே அதைச் சேர்த்துக்கொண்டிருப்பேன் என்று.

1900 இறுதியில் பாஸ்டனில் இருவரும் சந்தித்தார்கள். அமெரிக்கர் விருந்து கொடுத்தார். விருந்துக்கான பில் பிரிட்டிஷ்காரரிடம் வந்தது. பிரிட்டிஷ்காரருக்கு வந்த கடிதங்கள் எல்லாம் அமெரிக்கர் வீட்டுக்குப் போயின. 1953இல் இலக்கிய நோபல் பரிசு வாங்கும்போதும் நூல் அட்டைகளில் வின்ஸ்டன் எஸ். சர்ச்சில் என்றுதான் இருந்தது. யாருக்காக அந்த 'எஸ்' வந்ததோ அவரை இன்று படிப்பவர்கள் குறைவு. விட்டுக்கொடுத்தவர் பெயரே நின்றது.

துறை பிரிந்திருந்தால் போதும் என்ற இந்த ஏற்பாட்டை வணிகச் சட்டமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. வணிக முத்திரைகளுக்கான சர்வதேச வகைப்பாட்டில் 45 வகுப்புகள் உண்டு. ஒரே பெயரை ஒருவர் இசைக்கும் இன்னொருவர் கணினிக்கும் பதிவு செய்யலாம். பீட்டில்ஸ் குழுவின் ஆப்பிள் கோர் நிறுவனமும் ஆப்பிள் கணினி நிறுவனமும் 1981இல் இப்படித்தான் ஒப்பந்தம் போட்டன: நீ இசைப் பக்கம் வராதே. கணினியே பாட்டுப் பெட்டியாக மாறியதும் வேலி சரிந்தது. 2007 வரை வழக்கும் சமரசமுமாகப் போனது.

காலமும் ஒரு வேலிதான். நடிகர் ஸ்டீவ் மெக்வீன் 1980இல் இறந்துவிட்டார். 1969இல் லண்டனில் பிறந்த ஸ்டீவ் மெக்வீன் இயக்குநராகி, அவருடைய படம் 2014இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியபோது, பழையவர் இருந்திருந்தால் வந்திருக்கக்கூடிய சிக்கல் வரவில்லை.

இனிஷியல் கைவிடும் இடம்

முதலெழுத்து சேர்த்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு எதிரான சிறந்த உதாரணம் எஸ். சந்திரசேகர்.

- ஒருவர் வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர் (1910–1995), 1983இல் நோபல் பரிசு பெற்றவர்.
- இன்னொருவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர் (1930–2004). தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்பதை 1977இல் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடித்துக் காட்டியவர்.
- மூன்றாமவர் ஸ்ரீபதி சந்திரசேகர் (1918–2001), மக்கள்தொகையியல் அறிஞர், 1967இலிருந்து 1970 வரை மத்திய சுகாதார அமைச்சர்.

முதல் இருவரும் இயற்பியலாளர்கள். இருவரும் சி.வி. ராமனுக்கு உறவு: ஒருவர் அண்ணன் மகன், மற்றவர் சகோதரி மகன். ஆய்விதழில் மூவருமே 'எஸ். சந்திரசேகர்'. ராமனின் உறவினர் இயற்பியலாளர் எஸ். சந்திரசேகர் என்று இவ்வளவு விவரத்தோடு எழுதினாலும் ஆள் பிடிபடவில்லை. இத்தோடு, டெஸ்ட் கிரிக்கெட்டில் 242 விக்கெட் எடுத்த பி.எஸ். சந்திரசேகர் வேறு இருக்கிறார். முன்னெழுத்தில் ஒன்றை அச்சகம் விட்டுவிட்டால் அவரும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்வார்.

முதலெழுத்து என்பது சுருக்கம். சுருக்கும்போது தகவல் போய்விடும். சுப்ரமணியன், சிவராமகிருஷ்ணன், ஸ்ரீபதி என்று மூன்று வேறு சொற்கள் ஓர் எழுத்தாகிவிட்டன. ஒய். வாங் என்று கையெழுத்திடும் ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் துறைகளில் இதே நிலைமை பல மடங்கு. அமெரிக்க இயற்பியல் கழகத்தின் ஆய்விதழ்கள், பெயருக்குப் பக்கத்தில் சீன, ஜப்பானிய, கொரிய எழுத்திலும் போட்டுக்கொள்ள அனுமதித்தது இதனால்தான்.

தேடல் பெட்டியும் உரையாடும் இயந்திரமும்

நூலகத்தில் புத்தகங்கள் துறைவாரியாக அலமாரியில் இருக்கும். ஓவியர் பேக்கனும் தத்துவஞானி பேக்கனும் ஒரே தட்டில் சந்திக்கவே மாட்டார்கள். தேடல் பெட்டியில் அலமாரி கிடையாது. பெயரை மட்டும் தட்டச்சு செய்கிறோம், சூழலைச் சொல்வதில்லை. அதனால் தேடுபொறி இரண்டு விஷயங்களை வைத்து ஊகிக்கிறது: இந்தப் பெயரில் யாரை அதிகம் பேர் தேடுகிறார்கள், கூடத் தந்திருக்கும் சொற்கள் யாரோடு பொருந்துகின்றன. கூடச் சொல் எதுவும் இல்லை என்றால் முதல் அளவுகோல் மட்டுமே மிஞ்சும். அதிகப் புகழ் உள்ளவர் முன்னால் வருவார், அதனால் இன்னும் அதிகம் தேடப்படுவார், அடுத்த முறையும் அவரே வருவார்.

உரையாடும் இயந்திரங்களுக்குப் பின்னால் இருக்கும் மொழி மாதிரிகளில் சிக்கல் இன்னொரு படி ஆழம். அவை ஆளுக்கு ஒரு கோப்பு வைத்துப் படிப்பதில்லை. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்பதைத்தான் கற்கின்றன. புகழ் குறைந்தவரைப் பற்றி எழுத்து கொஞ்சமாக இருந்தால், அவர் பெயரைக் கேட்டதும் புகழ் மிக்கவரின் விவரங்கள் வந்து கலந்துவிடும். விருது ஒருவருடையது, பிறந்த ஆண்டு இன்னொருவருடையது. வாக்கியம் மட்டும் சரளமாக இருக்கும்.

2012: எண்கள் வந்த ஆண்டு

பெயரை நம்ப முடியாது, ஆளுக்கு ஓர் எண் கொடுத்துவிடலாம் என்ற முடிவுக்குப் பல இடங்களில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தார்கள். படைப்பாளிகளுக்கான ஐஎஸ்என்ஐ எண் 2012இல் சர்வதேசத் தரமாக வெளியானது. அதே ஆண்டு மே மாதம் கூகுள், ஆள்களையும் இடங்களையும் தனித்தனியாகப் பதிந்துவைக்கும் தன் அறிவு வலையமைப்பை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில் ஆய்வாளர்களுக்கான ஆர்கிட் எண் தொடங்கியது. அதே மாதக் கடைசியில் விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவு.

ஆர்கிட் என்பது 16 இலக்க எண். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது, சில சமயம் எக்ஸ் என்ற எழுத்தாகவும் இருக்கும். விக்கித்தரவில் ஒவ்வொருவருக்கும் க்யூ என்று தொடங்கும் எண். நாவலாசிரியர் டக்ளஸ் ஆடம்ஸுக்கு க்யூ42 ஒதுக்கியிருக்கிறார்கள். அவருடைய நாவலில் எல்லாவற்றுக்குமான விடை 42 என்பது அவருடைய வாசகர்களுக்குத் தெரியும்.

சரி, எண் வந்துவிட்டது, பிரச்சினை முடிந்ததா? முடியவில்லை. ஒரு கட்டுரையையோ படத்தையோ எந்த எண்ணோடு சேர்ப்பது என்பதை ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவில் இரண்டு வகைத் தவறு வரலாம்.

1. பிளவு: ஒருவரே இரண்டு ஆளாகப் பதிவாவது. முழுப்பெயரில் ஒரு பதிவு, முதலெழுத்தோடு ஒரு பதிவு. ஆய்வாளருக்குச் சேர வேண்டிய மேற்கோள்கள் பாதி வேறு கணக்கில் போய்விடும். எரிச்சல்தான், ஆனால் கண்டுபிடித்தால் ஒட்டிவிடலாம்.

2. கலப்பு: இருவர் ஒரே ஆளாகப் பதிவாவது. இது பிரிப்பதற்கு மிகக் கடினம், ஏனென்றால் கலந்த கதைக்கே ஓர் உயிர் வந்துவிடும்.

கலப்பு எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு டயோனிசியஸ் சாட்சி. முதல் நூற்றாண்டு ஏதென்ஸில் ஒரு டயோனிசியஸ், மூன்றாம் நூற்றாண்டு பாரிஸில் தலை வெட்டப்பட்ட ஆயர் ஒரு டயோனிசியஸ், கி.பி. 500 வாக்கில் ஏதென்ஸ்காரரின் பெயரைப் போட்டு இறையியல் நூல்கள் எழுதிய முகம் தெரியாத ஒருவர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் மடத்துத் தலைவர் ஹில்டுவின் மூவரையும் ஒருவராக்கி வாழ்க்கை வரலாறு எழுதினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அபெலார்டு இதைச் சந்தேகித்ததற்கு அந்த மடத்திலேயே வம்பில் மாட்டினார். நூல்கள் பிற்காலத்தவை என்று அறிஞர்கள் முடிவாகக் காட்டியது 1895இல்.

நம் பக்கம் ஔவையார் இருக்கிறார். அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற சங்கப் புலவரும், பல நூற்றாண்டுகள் கழித்து ஆத்திசூடி பாடியவரும் வேறு வேறு ஆள்கள் என்று இலக்கிய வரலாறு சொல்கிறது. மக்கள் நினைவில் இன்னமும் கோலூன்றிய ஒரே பாட்டிதான். நெல்லிக்கனி ஆயுளை நீட்டிவிட்டது என்று சொல்லிவிட்டால் காலக்கணக்கும் சரியாகிவிடுகிறது!

பட்டியலில் பெயர் மட்டும் இருந்தால்

இதுவரை பார்த்தவை பெரும்பாலும் சிரிப்போடு முடிபவை. பெயரை வைத்து முடிவெடுக்கும் அமைப்புகளில் அப்படி இல்லை.

2004இல் அமெரிக்க செனட்டர் எட்வர்டு கென்னடி, நாடறிந்த முகம், விமானம் ஏற விடாமல் பலமுறை நிறுத்தப்பட்டார். சந்தேகப் பட்டியலில் இருந்த யாரோ ஒருவர் பயன்படுத்திய புனைபெயரோடு 'டி. கென்னடி' ஒத்துப்போனது. டெட் என்பது எட்வர்டின் சுருக்கம். பெயரை நீக்க மூன்று வாரத்துக்கு மேல் ஆனது என்று அவரே செனட் விசாரணையில் சொன்னார். செனட்டருக்கே இந்த நிலை.

2011இல் கலிஃபோர்னியாவில் ஒருவர் கார் வாங்கப் போனார். அவர் பெயர் அமெரிக்க நிதித்துறையின் பயங்கரவாத, போதைப்பொருள் கடத்தல் தடைப் பட்டியலோடு ஒத்துப்போகிறது என்று டிரான்ஸ்யூனியன் என்ற கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கை சொன்னது. விற்க மறுத்துவிட்டார்கள். கார் மனைவி பெயரில் வாங்கப்பட்டது. அந்த மென்பொருள் ஒப்பிட்டது முதற்பெயரையும் கடைசிப் பெயரையும் மட்டும்தான். பிறந்த தேதியைப் பார்க்கவில்லை. இப்படிக் குறியிடப்பட்ட 8,185 பேர் சார்பில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021இல் 5க்கு 4 என்ற தீர்ப்பில், அறிக்கை வெளியாருக்கு அனுப்பப்பட்ட 1,853 பேருக்கு மட்டுமே இழப்பீடு கோரும் தகுதி உண்டு என்றார்கள். கோப்பில் தவறான குறி இருந்தும் அது யாருக்கும் போகாத மற்றவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

2023இல் மேரிலாந்து நீதிமன்றத்துக்கு இன்னொரு வகை வழக்கு வந்தது. விமானத்துறை வல்லுநர் ஒருவரின் பெயரைத் தேடினால், பயங்கரவாத வழக்கில் தண்டனை பெற்ற ஒருவரின் விவரத்தை அவருடைய வாழ்க்கைக் குறிப்போடு இணைத்து மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறி சுருக்கம் எழுதியது என்பது புகார். இருவர் முதற்பெயரும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து இடம் மாறியவை. தமிழில் எழுதினால் அந்த வித்தியாசமும் இருக்காது. பழைய தேடல் முடிவில் இருவரும் இரண்டு தனித்தனி இணைப்புகளாக வந்திருப்பார்கள், வாசகர் பிரித்துக்கொண்டிருப்பார். சுருக்கம் இருவருக்கும் நடுவில் ஓர் இணைப்புச் சொல்லைப் போட்டு ஒரே பத்தியாக்கிவிட்டது.

படிக்கும்போது எதைப் பார்ப்பது

1. ஆண்டு. கலப்பைப் பிடிக்க இதைவிட எளிய கருவி இல்லை. 1980இல் இறந்த நடிகர் 2014இல் ஆஸ்கர் வாங்க முடியாது.

2. நடுப்பெயர் அல்லது முதலெழுத்து. பேராசிரியர் மைக்கேல் ஐ. ஜோர்டன், நடிகர் மைக்கேல் பி. ஜோர்டன் என்பவற்றில் வரும் எழுத்துகள் அலங்காரத்துக்கு வந்தவை அல்ல. செய்தியை எடுத்து எழுதும்போது அந்த ஓர் எழுத்தை விட்டுவிட்டால் ஆளே மாறிவிடுவார்.

3. மூல மொழியில் பெயர் எப்படி எழுதப்படுகிறது. தமிழ் எழுத்தில் ஒன்றாகத் தெரிபவை அங்கே இரண்டாக இருக்கலாம்.

4. படம். பெயரை வைத்துத் தேடி எடுத்த படம் என்றால், அந்தப் படம் முதலில் எந்தச் செய்தியோடு வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். எலிசபெத் டெய்லர் என்ற பெயரில் வரும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில், மேசையில் உட்கார்ந்து எழுதும் ஒருவர் தென்பட்டால், அது நடிகையின் படப்பிடிப்புக் காட்சியாகவும் இருக்கலாம், நாவலாசிரியராகவும் இருக்கலாம்.